கதையும் கட்டுப்பாடும்

'அடியாத மாடு படியாது' என்பது நம்மிடையே வழங்கும் பழமொழி. மாட்டுக்கு அது பொருந்துமா என்பதை ஏர் பிடிப்பவர்களைத்தான் கேட்கவேண்டும். பிள்ளைகளுக்குப் பொருந்தாது என்பதை நான் என் தவற்றினாலேயே கற்றுக்கொண்டேன். அத்தவறும் அதைத் திருத்திக்கொண்ட வகையும், ஊர்விட்டு ஊர் வந்து வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு ஓரளவு பயன்படக்கூடும் என்ற எண்ணத்தினாலேயே இதனை எழுதத் துணிந்தேன்.

நான் ஆசிரியன் அல்லன். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி, இரயில்வேயில் குமாஸ்தாவாக வேலை பார்ப்பவன். குடியிருப்பது பலமனேரில். எங்கள் ஊருக்கு இரயில் பாதை கிடையாது. ஆதலின் நாள்தோறும் பேருந்தில் மொகிலிக் கணவாய் வழியே மலையிறங்கிச் சென்று வேலை பார்த்துவிட்டு, மாலையில் மலையேறித் திரும்புகிறேன். பலமனேர் மூன்று மொழிகள் கலந்து புழங்கும் ஊர். கிழக்கே இறங்கினால் சித்தூர்; மேற்கே சென்றால் கன்னட நாட்டு முல்பாகல்; தெற்கே போனால் நம் குடியாத்தம். 1911ஆம் ஆண்டில் சித்தூர் மாவட்டம் அமைக்கப்படும் வரை இவ்வூர் வட ஆர்க்காட்டைச் சேர்ந்திருந்தது. 1953இல் ஆந்திர மாநிலம் பிறந்தபோது மாவட்டத்தோடு சேர்ந்து இதுவும் தெலுங்கு நாட்டின் பகுதியாயிற்று.

இங்குள்ள தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள் தெலுங்குப் பள்ளியிலோ ஆங்கிலப் பள்ளியிலோ படிக்கின்றனர். தாய் தமிழில் கேட்டால் பிள்ளை தெலுங்கில் விடை சொல்லுகிறது. தமிழ் காதில் விழுகிறது, நாவில் ஏறுவதில்லை. இந்நிலை கண்டு வருந்திய அன்பர்கள் சிலர், ஞாயிறுதோறும் காலையில் ஒரு மணி நேரம் தமிழ் வகுப்பு நடத்துவதென முடிவு செய்தனர். கற்பிக்க வேறு ஆள் அகப்படாமையால் அப்பொறுப்பு என் தலையில் விழுந்தது. ஆறு வயது முதல் பன்னிரண்டு வயது வரை பத்தொன்பது பிள்ளைகள் வந்து சேர்ந்தனர்.

புரியாத கதை

முதல் மாதம் முழுதும் எழுத்துகளைக் கரும்பலகையில் எழுதிச் சேர்ந்து ஒலிக்கச் செய்தேன். பெரிய பிள்ளைகள் கொட்டாவி விட்டனர். சிறியவர்கள் ஒருவரையொருவர் கிள்ளிக்கொண்டனர். "கதை சொல்லிப் பாருங்கள், அடங்கிவிடுவார்கள்" என்று பெரியவர் ஒருவர் யோசனை கூறினார். மறு ஞாயிறு, சிங்கத்தை முயல் கிணற்றில் வீழ்த்திய கதையை, நான் பள்ளியில் படித்த தமிழில், ஏற்ற இறக்கத்தோடு சொன்னேன். ஐந்து நிமிடம் அமைதி நிலவியது. பிறகு சலசலப்பு எழுந்தது. கடைசி வரிசையில் அமர்ந்திருந்த பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன், என் குரலைப் போலவே பேசிக் காட்டினான். வகுப்பு முழுதும் சிரித்தது. எனக்குச் சினம் பொங்கியது. "தமிழ் வேண்டாதவன் இங்கே ஏன் வந்தாய்? வெளியே போ!" என்றேன். எழுந்து போய்விட்டான்.

அடுத்த இரண்டு ஞாயிறும் அவன் வரவில்லை. வகுப்பில் ஓசை குறைந்திருந்தது. அதனை என் வெற்றியாகவே கருதினேன். எனினும் மூன்றாம் வாரம் மனம் கேளாமல் அவன் வீட்டுக்குச் சென்றேன். தந்தை வேலைக்குப் போயிருந்தார். தாய் உள்ளே அழைத்துத் தண்ணீர் கொடுத்தார். திண்ணையில் பையனுடைய பாட்டி அமர்ந்திருந்தார். குடியாத்தத்துப் பக்கத்தவர், கணவர் காலமான பின் மகனோடு இருக்க வந்தவர். தெலுங்கு ஒரு சொல்லும் வராது. "அவன் என்கிட்ட பேசவே மாட்டான், தம்பி. ஏதாவது கேட்டா தலையை ஆட்டிட்டு ஓடிப்போயிடுவான். நான் பேசுறது அவனுக்கு வெளங்கலையோ, என்னையே பிடிக்கலையோ, தெரியல" என்றார்.

பையனைத் தனியே அழைத்து, அன்று ஏன் அவ்வாறு செய்தாய் என்று கேட்டேன். நெடுநேரம் தரையையே பார்த்துக்கொண்டிருந்தான். பின்பு மெல்லிய குரலில், "அர்த்தம் காலேது சார்" என்றான். தெலுங்கு நாட்டில் வாழும் நம் வாசகர்க்கு அதன் பொருளைச் சொல்லவேண்டுவதில்லை. ஏனையோர்க்காகச் சொல்லுகிறேன்: 'விளங்கவில்லை' என்றான்.

அதுவரை அவனுடைய குறும்பு என் கண்ணுக்குத் தெரிந்தது. அதன் பின்னிருந்த வெட்கம் தெரியவில்லை. தன்னைவிடச் சிறியவர்கள் சிரிக்குமிடத்தில் தான் மட்டும் விழித்துக்கொண்டிருக்க நேர்ந்தபோது, அவன் தனக்குத் தெரிந்த ஒரு வழியில் தானும் சிரிப்பில் கலந்துகொண்டான். அவ்வளவே. அயல்மொழி வகுப்பில் எழும் கூச்சலுள் பெரும்பகுதி புரியாமையின் பிள்ளை என்பதை அன்று உணர்ந்தேன். அம்மொழியைத் தாய்மொழி என்று நாம் அழைப்பதால் மட்டும் அது பிள்ளைக்கு அயல்மொழி அல்லாமற் போய்விடாது. புரியாத மொழியில் சொல்லப்படும் கதை, பிள்ளையைப் பொறுத்த வரையில், மற்றொரு பாடமேயன்றிக் கதையாகாது.

முன்னோர் காட்டிய வழி

அதன்பின் இப்பொருள் பற்றிக் கிடைத்தவற்றையெல்லாம் தேடிப் படிக்கலானேன். கதையைக் கொண்டு அடங்காத பிள்ளைகளை வழிப்படுத்துவது நம் நாட்டுக்குப் புதிதன்று. பஞ்சதந்திரத்தின் தோற்றக் கதையே அதுதானே? மகிலாரோப்பியம் என்னும் நகரத்து அரசன் அமரசக்திக்குப் படிப்பில் நாட்டமில்லாத மைந்தர் மூவர். விஷ்ணுசர்மா என்னும் முதியவர் ஆறே மாதத்தில் அவர்களை அறிவுடையோர் ஆக்குவதாக வாக்களித்து, நூல்களை ஒதுக்கிவைத்து விலங்குக் கதைகளைச் சொன்னார் என்பர்.

அயல்மொழியைக் கதையால் கற்பித்ததற்கும் நம் தமிழிலேயே சிறந்த சான்று உண்டு. இத்தாலி நாட்டில் 1680இல் பிறந்து, தமிழகத்துக்கு வந்து, தமிழ்ப் புலவராகவே வாழ்ந்து 1747இல் மறைந்த வீரமாமுனிவரை அறியாதார் இலர். அவர் எழுதிய பரமார்த்த குருவின் கதையை நாம் நகைச்சுவை நூலாகவே அறிவோம். ஆனால் அதனை அவர் இயற்றியது, பேச்சுத் தமிழைக் கற்க விரும்பிய அயல்நாட்டுப் பாதிரிமார்க்குப் பயன்படவே ஆகும். உடன் இலத்தீன் மொழிபெயர்ப்பையும் அமைத்தார். 1822இல் பெஞ்சமின் பாபிங்டன் என்பார் அந்நூலை இலண்டனில் பதிப்பித்தபோது, ஆங்கில மொழிபெயர்ப்பும் சொற்பட்டியலும் சேர்த்து, முதற் கதைக்குச் சொல்லிலக்கண விளக்கமும் எழுதினார். முதலில் சொற்கள் விளங்கவேண்டும். அதன்பின்தான் கதை நகைப்பைத் தரும் என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர்.

வெள்ளைக்கார அதிகாரிகளுக்கு நாட்டுமொழிகளைக் கற்பிக்க 1812இல் சென்னையில் தோன்றிய புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரியும் கதையை நாடியது. அங்கே தமிழாசிரியராயிருந்த தாண்டவராய முதலியார் பஞ்சதந்திரத்தைத் தமிழ் உரைநடையில் தந்தார். அது 1826இல் அச்சேறியது. தெலுங்கிலோ, ஸ்ரீபெரும்புதூரில் பிறந்தவராகிய பரவஸ்து சின்னய சூரி, பஞ்சதந்திரக் கதைகளைத் தழுவி எழுதிய நீதிசந்திரிகை 1853இல் வெளிவந்து, தெலுங்கு மாணவர் பல தலைமுறையினர்க்குப் பாடநூலாக விளங்கியது. தமிழும் தெலுங்கும் தம் பிள்ளைகளை வளர்த்தது ஒரே கதைப்பாலால் எனில் மிகையன்று.

வகுப்பின் ஒழுங்கைப் பற்றித் தனியே சிந்தித்தவர் குஜராத்தின் கிஜுபாய் பதேகா. 1885இல் பிறந்த இவர் முதலில் வக்கீலாயிருந்தார். பின்பு கல்வித்துறை புகுந்து, 1920இல் பவநகரில் பாலமந்திர் என்னும் குழந்தைப் பள்ளியைத் தொடங்கினார். 1930களின் தொடக்கத்தில் வெளிவந்த 'திவாஸ்வப்னம்' என்னும் அவரது நூல், 'பகல் கனவு' எனத் தமிழிலும் கிடைக்கிறது. அதில் வரும் ஆசிரியர் புதிய நோக்கங்களோடு நான்காம் வகுப்பில் நுழைந்து, முதல் நாளே தோற்றுப்போகிறார். கண்ணை மூடி அமைதியாயிருங்கள் என்றால் பிள்ளைகள் கூச்சலிடுகின்றனர். மறுநாள் கதை தொடங்குகிறார், வகுப்பு வயப்படுகிறது. கதையை விரும்பும் பிள்ளைகள் கதைக்காகவே ஒழுங்கையும் ஏற்றுக்கொள்ளுகின்றனர். இதைப் படித்தபோது என் முதல் மாதமே கண்முன் நின்றது. ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. அவருடைய பிள்ளைகளுக்குக் கதையின் மொழி தெரியும்; என் பிள்ளைகளுக்குத் தெரியாது.

அந்த வேறுபாட்டைத் தீர்க்க வழி கண்டோர் அமெரிக்க நாட்டில் இருவர். கலிபோர்னியாவில் சான் ஹோசே நகரத்துப் பல்கலைக்கழகத்தில் மனநூல் பேராசிரியராயிருந்த ஜேம்ஸ் ஆஷர், 1960களில், புதுமொழியை உடலசைவோடு சேர்த்துக் கற்பிக்கும் முறையை ஆராய்ந்தார். 'எழுந்திரு', 'கதவைத் தொடு' என்று ஆசிரியர் சொல்வார், மாணவர் செய்வர், வாய் திறந்து பேசுமாறு தொடக்கத்தில் எவரையும் வற்புறுத்துவதில்லை. அதே மாநிலத்தில் ஸ்பானிய மொழி ஆசிரியராயிருந்த பிளெயின் ரே, 1990ஐ ஒட்டிய ஆண்டுகளில் இதனோடு கதையைச் சேர்த்தார். சில சொற்களின் பொருளை முதலில் தெளிவாக்குவது, வாக்கியந்தோறும் எளிய கேள்விகள் கேட்டு மாணவரோடு சேர்ந்தே கதையை வளர்ப்பது, மாணவரையே பாத்திரங்களாக நிறுத்துவது, இறுதியில் அக்கதையைப் படிக்கச் செய்வது என்பவை அவர் முறையின் அங்கங்கள். இன்று பல நாடுகளில் மொழியாசிரியர்கள் இதனைக் கையாளுகின்றனர்.

இவ்வளவு தொலைவு போகவேண்டியதுமில்லை. பலமனேரிலிருந்து வடக்கே புங்கனூர் வழியாகச் சென்றால் மதனப்பள்ளி. அதனையடுத்து, ஜே. கிருஷ்ணமூர்த்தி தோற்றுவித்த ரிஷிவேலிப் பள்ளி இருக்கிறது. அங்கே ஏ. ராமா, ஒய். ஏ. பத்மநாபராவ் ஆகிய இருவரும் சுற்றுவட்டாரச் சிற்றூர்களின் ஓராசிரியர் பள்ளிகளுக்கென ஒரு முறையை வகுத்தனர். பல வயதுப் பிள்ளைகள் ஒரே அறையில் சிறு சிறு குழுக்களாக அமர்ந்து, பாட அட்டைகளைக் கொண்டு, அவரவர் நிலைக்கேற்ற வேலையைச் செய்வர். இம்முறையைத் தழுவியே சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003இல் செயல்வழிக் கற்றல் தொடங்கிற்று. சில ஆண்டுகளில் தமிழகம் முழுதும் பரவிற்று. அதிலிருந்து நான் எடுத்துக்கொண்ட பாடம் ஒன்றே: ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் அதனால் முடியக்கூடிய ஒரு வேலை இருக்கவேண்டும். வேலையற்ற கை அடுத்த பிள்ளையின் சடையைத்தான் தேடும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை

இவற்றையெல்லாம் மனத்திற்கொண்டு, பரமார்த்த குருவின் முதற் கதையையே எடுத்துக்கொண்டேன். குருவும் சீடர் ஐவரும் ஓர் ஆற்றங்கரைக்கு வருகின்றனர். ஆறு தூங்குகிறதா, விழித்திருக்கிறதா என்று பார்க்க ஒரு சீடன் கொள்ளிக்கட்டையை நீரில் வைக்கிறான். 'சுர்' என்று புகை எழுகிறது. ஆறு விழித்திருக்கிறதென்று அஞ்சி ஓடிவருகிறான். பின்பு ஒருவாறு கடந்து அக்கரை சேர்ந்தபின் எண்ணிப் பார்க்கின்றனர். எண்ணுகிறவன் தன்னை விட்டுவிட்டு எண்ணுவதால் ஐவரே இருக்கின்றனர். ஒருவனை ஆறு விழுங்கிவிட்டதென்று அழுகின்றனர். வழிப்போக்கன் ஒருவன் பணம் பெற்றுக்கொண்டு, ஒவ்வொருவர் முதுகிலும் ஓரடி வைத்து எண்ணி, அறுவர் என்று காட்டுகிறான். இதே போன்ற கதைகளைத் தெலுங்கர் பரமானந்தய்யாவும் அவர் சீடர்களும் என்று வழங்குவர். 1966இல் அது திரைப்படமாகவும் வந்தது. ஆதலின் எங்கள் பிள்ளைகளுள் சிலர் கதையின் போக்கை முன்பே அறிந்திருந்தனர். அது குறையன்று, துணையே. கதை தெரிந்திருந்தால் கவனம் முழுதும் மொழியின்மேல் செல்லும்.

கேலி செய்த பையனைச் சனிக்கிழமையே கண்டு, "நாளைக்கு எனக்கு ஒரு துணை வேண்டும், வருவாயா?" என்று கேட்டிருந்தேன். வந்தான். பிள்ளைகளை அரைவட்டமாக உட்காரவைத்தேன், சிறியவர் முன்னே, பெரியவர் பின்னே, பைகள் சுவரோரம். கரும்பலகையில் மூன்றே சொற்கள்: 'தூங்குகிறது', 'விழித்திருக்கிறது', 'எண்ணுகிறான்'. ஒவ்வொன்றின் எதிரிலும் தெலுங்குப் பொருளை எழுதினேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு கையசைவைப் பிள்ளைகளே வகுத்தனர். பிறகு ஒரு விதியைச் சொன்னேன்: "நான் சொல்வது விளங்காவிட்டால் காதில் கை வையுங்கள். நான் நிறுத்திவிடுவேன்." அதைப் பார்த்து எனக்குச் சொல்லும் வேலையை அந்தப் பையனிடம் கொடுத்தேன். விளங்கவில்லை என்று சொல்ல வெட்கப்பட்டவனே, பிறர் விளங்கவில்லை என்பதை எனக்கு அறிவிக்கும் அதிகாரியானான்.

இரயில்வேக்காரன் ஆகையால் எனக்குப் பழகிய ஓர் உவமை சொல்லுகிறேன். அடுத்த நிலையத்திலிருந்து லைன் கிளியர் கிடைக்காமல் வண்டியை நகர்த்தமாட்டோம். அதுபோல, பிள்ளைகளின் முகம் ஒப்புதல் தராமல் அடுத்த வாக்கியத்துக்கு நான் போகவில்லை. "ஆறு தூங்குகிறது" என்றேன். "ஆறு தூங்குகிறதா?" ஆம் என்றனர். "ஆறு தூங்குகிறதா, சீடன் தூங்குகிறானா?" ஆறு என்றனர். "யார் தூங்குகிறது? எருமையா?" சிரித்துக்கொண்டே ஆறு ஆறு என்று கத்தினர். ஒரே வாக்கியம் ஐந்து முறை காதில் விழுந்தது; எவர்க்கும் சலிப்பில்லை. வகுப்பில் ஓசை இருந்தது. ஆனால் அவ்வோசை கதையோடு சேர்ந்த ஓசை.

எண்ணும் கட்டம் வந்தபோது ஆறு பிள்ளைகளை எழுப்பி நிறுத்தினேன். எண்ணியவன், "ஒன்று, இரண்டு" என்று ஐந்தோடு நின்றான். மற்றவர்கள் "ஆறு! ஆறு!" என்று அலறினர். அப்போது என் துணைவன் திடீரென எழுந்து, "சார்! தாண்டினதும் ஆறு, ஆளும் ஆறு!" என்று தமிழிலேயே சொன்னான். தெலுங்கில் எண் 'ஆரு', நதி 'ஏரு'. தமிழில் இரண்டும் ஒன்றாகவே ஒலிப்பதை அவனே கண்டுபிடித்துவிட்டான். அதனை நான் முன்பு எண்ணிப் பார்க்கவில்லை. அவனையே பலகைக்கு அழைத்து, 'ஆறு பேர் ஆற்றைக் கடந்தனர்' என்று எழுதச் செய்தேன். எழுத்துப் பிழை இரண்டு இருந்தன. அன்று அவற்றைத் திருத்தவில்லை. அடுத்த வாரம் திருத்திக்கொண்டோம்.

செய்யத் தகுவனவும் தகாதனவும்

அதன்பின் ஓராண்டுக்கு மேல் கடந்துவிட்டது. அனுபவத்தால் அறிந்தவற்றைத் தொகுத்துக் கூறுகிறேன். வீட்டில் நாலைந்து பிள்ளைகளை வைத்துக்கொண்டு கற்பிக்க விரும்பும் தாய்மார்க்கும் இவை பயன்படும்.

முதலாவது, விதிகள் குறைவாக இருத்தல் நலம். எங்கள் வகுப்பில் மூன்றே விதிகள்: ஒருவர் பேசும்போது ஏனையோர் கேட்கவேண்டும், விளங்காவிட்டால் காதில் கை வைக்கவேண்டும், பிறர் பிழையைக் கண்டு சிரிக்கலாகாது. மூன்றாம் விதி எனக்கும் உரியது.

இரண்டாவது, பேச்சுச் சத்தம் எழுந்தால் அதற்கு மேல் குரலை உயர்த்தலாகாது. வாக்கியத்தின் நடுவிலேயே நிறுத்திவிட்டு, புன்முறுவலோடு காத்திருந்தால் போதும். கதையின் சுவை அறிந்த பிள்ளைகள் தாமே அடங்குவர். அப்படியும் அடங்காவிடில், ஒருகால் என் தமிழ்தான் கடினமாகிவிட்டதோ என்று முதலில் என்னையே ஐயுறுகிறேன். பெரும்பாலும் ஐயம் சரியாகவே இருக்கிறது.

மூன்றாவது, ஒவ்வொருவர்க்கும் ஒரு வேலை. நடிக்கக் கூசும் பிள்ளையை நடிக்குமாறு வற்புறுத்தலாகாது. அது படம் வரையலாம்; மணி அடிக்கலாம்; புதுச்சொல் எத்தனை முறை வந்தது என்று புளியங்கொட்டை வைத்து எண்ணலாம்.

நான்காவது, ஒருவன் செய்த குற்றத்திற்காகக் கதையையே நிறுத்தி எல்லாரையும் தண்டித்தல் கூடாது. ஒருமுறை அவ்வாறு செய்தேன். வகுப்பு அடங்கியது உண்மை; ஆனால் வெளியே சென்றதும் பத்துப் பேர் சேர்ந்து அச்சிறுவனை வைதனர். ஒழுங்கை நிலைநாட்டப்போய் ஒரு பகையை உண்டாக்கினேன். இப்போது அத்தகைய பிள்ளையை வகுப்பு முடிந்தபின் தனியே அழைத்துப் பேசுகிறேன். பலர் நடுவே வெட்கப்படுத்துவதால் மொழியும் வராது, பண்பும் வராது.

ஐந்தாவது, கை நீட்டலாகாது. பள்ளிகளில் பிள்ளைகளை அடிப்பதையும் மனம் நோகச் செய்வதையும் 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு தடுக்கிறது. சட்டம் நம் ஞாயிறு வகுப்பைத் தேடி வாராது எனினும் மனச்சான்று வரும். அன்றியும் அடி விழுந்த இடத்தில் அச்சம் தங்கும். அஞ்சிய நாவில் புதுமொழி எவ்வாறு எழும்?

ஆறாவது, தெலுங்கைப் பகையாகக் கருதலாகாது. தெலுங்கு பேசினால் அபராதம் என்று தொடக்கத்தில் ஒருவர் கூறினார். நல்லவேளையாக நாங்கள் அதனை ஏற்கவில்லை. ஒரு சொல்லின் பொருளைத் தெலுங்கில் சொல்ல ஒரு நொடி போதும்; அதனைச் செய்கையால் விளக்கப் புகுந்தால் ஐந்து நிமிடம் போகும்; அந்த ஐந்து நிமிடத்தில் வகுப்பு கைநழுவும். நமக்குச் சோறிடும் நாட்டின் மொழி அது என்பதையும் மறத்தல் தகாது.

இத்தனை சொன்னாலும், கதை சர்வரோக நிவாரணி என்று நான் கூறவில்லை. பிள்ளைகள் வாய்மூடி இருப்பதாலேயே அவர்களுக்கு விளங்கிற்று என்று கொள்ளுதல் பெருந்தவறு. குரலின் ஏற்ற இறக்கத்தில் மயங்கி அமைதியாயிருக்கும் பிள்ளைக்கு ஒரு சொல்லும் ஏறாமற் போகலாம். கேள்வி கேட்டுப் பார்த்தாலன்றி அது வெளிப்படாது. பசியோடு வந்த பிள்ளையையும் இரவு உறங்காத பிள்ளையையும் எந்தக் கதையும் அடக்காது. பதினோரு பன்னிரண்டு வயதினர் முயற்கதையைச் சிறுபிள்ளைத்தனம் என்று வெறுப்பர். அவர்களுக்குக் கப்பலும் திருடனும் வேண்டும், அல்லது தெனாலிராமன் வேண்டும். எழுத்தறிவுக்குத் தனிப் பயிற்சியும் தேவை. கதையைக் கேட்டவுடன் அதனை ஒரு பக்கத்தில் எழுதிப் படிக்கக் கொடுத்தால் அப்பயிற்சி எளிதாகிறது. பத்தொன்பது பேரில் மூவர் இடையிலேயே நின்றுவிட்டனர். அவர்களை என்னால் இருத்த முடியவில்லை.

வீட்டின் பங்கு

வாரத்தில் ஒரு மணி நேரம் எம்மட்டு? ஆதலின் வகுப்பு முடியும்போது பிள்ளைகளிடம் ஒரு வேலை கொடுத்தனுப்புகிறேன்: இன்றைக் கதையை வீட்டில் ஒருவர்க்குத் தமிழில் சொல்லவேண்டும். கேட்பவர் இடைமறித்துத் திருத்தலாகாது, 'பிறகு என்ன?' என்று மட்டும் கேட்கலாம். இதனைப் பெற்றோரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன்.

பரமார்த்த குருவின் கதை சொன்ன அடுத்த வாரம், அப்பையனின் வீட்டு வழியே போக நேர்ந்தது. பாட்டி என்னை அழைத்து நிறுத்தினார். "நேத்து ராத்திரி எனக்குக் கதை சொன்னான், தம்பி. பாதி தெலுங்கு, பாதி தமிழு. கொள்ளிக்கட்டைன்னு சொல்லத் தெரியாம, நெருப்புக் குச்சின்னான். நான் ஒண்ணும் சொல்லல. அப்புறம் என்னை எண்ணச் சொன்னான். வீட்டுல எத்தனை பேருன்னு எண்ணினேன். 'ஆயா, உன்னை விட்டுட்டே'ன்னு சிரிக்கிறான்" என்றார். வட ஆர்க்காட்டில் பாட்டியை ஆயா என்றே அழைப்பர். அதுவரை அவன் அவரைத் தெலுங்கு முறையில் 'அவ்வா' என்றே அழைத்துவந்தான் என்பதைத் தாய் பின்பு சொன்னார்.

அன்பர்களே, அந்தக் கதையை நாமும் ஒருமுறை நமக்கே சொல்லிக்கொள்வது நல்லது. 'பிள்ளைக்குத் தமிழ் வரவில்லையே' என்று வருந்தும்போது, பொறுப்புடையோரை வரிசையாக எண்ணுகிறோம். பள்ளி கற்பிக்கவில்லை, அரசு கவனிக்கவில்லை, சங்கம் நல்ல ஆசிரியரைத் தரவில்லை, பிள்ளை அடங்குவதில்லை, அண்டை வீட்டில் தெலுங்கு பேசுகிறார்கள். ஐந்து பேர் ஆயிற்று. ஆறாமவரைக் காணோமென்று தேடுகிறோம். ஆறாமவர் நாமே அல்லவா?

இன்றிரவு விளக்கணைக்கும் முன் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். உங்களுக்குத் தெரிந்த ஒரு கதையை, பிள்ளைக்கு விளங்கும் தமிழில், மெதுவாகச் சொல்லுங்கள். நடுவே நிறுத்தி அதன் முகத்தைப் பாருங்கள். அது காதில் கை வைத்தால் சினங்கொள்ளாதீர்கள், மறுமுறை சொல்லுங்கள்.